மெட்டா குவெஸ்ட் 3: மெய்நிகர் உலகிற்குள் முதன்முறை நுழைபவருக்கு ஏற்றதா?

கணினி வரையும் உலகைக் கண்முன் நிறுத்தும் மெய்நிகர் உண்மைக் கருவியை முதன்முதலாகத் தலையில் மாட்டிக்கொண்டவர் பெரும்பாலும் படத்தின் தெளிவைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே இல்லாத மேசையைத் தொடக் கையை நீட்டுவார்; பள்ளத்தின் விளிம்பைக் கண்டால், தரையில்தான் நிற்கிறோம் என்று தெரிந்திருந்தும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அறிவுக்குத் தெரிந்ததை உடம்பு ஏற்க மறுக்கும் அந்தக் கணத்துக்காகவே இந்தத் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆகவே தலையில் மாட்டும் இந்த ஹெட்செட்டில் எத்தனை பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள், உள்ளன என்பதைவிட, அது உடம்பை எவ்வளவு நேரம் தடையின்றி நம்பவைக்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். 2023 அக்டோபரில் வெளிவந்த மெட்டா குவெஸ்ட் 3 கருவியையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

தலையில் அணியும் காட்சிக் கருவியை அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் 1968-இல் உருவாக்கியபோது, அது கூரையிலிருந்து இறங்கிய ஓர் இயந்திரக் கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அணிந்தவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தக் கைதான் கணினிக்குத் தெரிவித்தது. கண்ணுக்குத் தெரிந்தவையோ ஒளிரும் கோடுகளாலான எளிய வடிவங்கள் மட்டுமே. இன்று அந்த வேலையைக் கருவியின் முகப்பில் உள்ள சிறு கேமராக்களும் உள்ளே இருக்கும் அசைவு உணரிகளும் சேர்ந்து செய்கின்றன. குவெஸ்ட் 3-க்கு வெளிக்கணினியோ கம்பியோ சுவரில் பொருத்தும் உணரிகளோ தேவையில்லை. தொடக்கநிலை அமைப்புக்கு மட்டும் ஒரு கைபேசியும் மெட்டா கணக்கும் வேண்டும்.

கேமராக்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். 2014-இல் கூகுள் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கருவி கைபேசியையே திரையாகப் பயன்படுத்தியது. அசைவைக் கேமரா வழியே கணிக்கும் ஏற்பாடு அதில் இல்லாததால், தலை திரும்புவதை மட்டுமே அது அறிந்தது. அணிந்தவர் முன்னால் குனிந்தால் உலகமும் அவரோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும். பலர் அதை அணிந்து பார்த்துவிட்டு, "மெய்நிகர் என்பது இவ்வளவுதானா?" என்று ஒதுங்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம். குனிந்தால் மேசைக்கு அடியில் பார்க்க முடிய வேண்டும், அடி எடுத்து வைத்தால் பொருள் அருகில் வர வேண்டும். இவை இல்லாதது முப்பரிமாணப் படமே தவிர மெய்நிகர் அன்று. குவெஸ்ட் 3 இந்தத் தேர்வில் முழுமையாகத் தேறுகிறது.

இக்கருவியின் உண்மையான முன்னேற்றம் லென்ஸில்தான் இருக்கிறது. முகத்துக்கு மிக அருகில் இருக்கும் திரையைக் கண் இயல்பாகக் குவித்துப் பார்க்க முடியாது. அதைச் சற்றுத் தொலைவில் இருப்பதுபோல் காட்டுவதே லென்ஸின் பணி. 2020-இல் வந்த குவெஸ்ட் 2-இல் ஃபிரெனல் வகை லென்ஸ் இருந்தது. அதன் வட்டவட்டமான வரிப்பள்ளங்களில் ஒளி சிதறும், இருண்ட காட்சிகளில் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கீற்றுகள் தெரியும், நடுப்பகுதியில் மட்டுமே தெளிவு கிட்டும். குவெஸ்ட் 3-இல் உள்ள பான்கேக் லென்ஸ் ஒளியை உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் மடித்து அனுப்புவதால் கருவியின் முகப்பு மெலிந்திருக்கிறது, தெளிவும் ஓரம்வரை ஏறக்குறைய சீராகப் பரவுகிறது. ஒரு வரியைப் படிக்கத் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தினால் போதும் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். உடம்பு நம்புவதற்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைச் சரிசெய்ய அடிப்பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. இரவல் வாங்கி அணிபவர்கள் இதைத் திருப்பிச் சரிசெய்யாமலேயே படம் மங்கல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கண்ணுக்கும் 2064-க்கு 2208 பிக்சல்கள் என்பது பெரிய எண்தான். ஆனால் அவை அகன்ற பார்வைப் பரப்பெங்கும் விரிந்து கிடப்பதால், பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 25 பிக்சல்களே கிடைக்கின்றன. நல்ல பார்வையுள்ள கண்ணால் பாகைக்கு 60 வரை பிரித்தறிய முடியும். எனவே நாள் முழுவதும் ஆவணங்களைப் படிக்க இதைக் கணினித் திரைக்கு மாற்றாக வாங்க நினைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இடத்தையும் அளவையும் அசைவையும் உணர வேண்டிய வேலைகளுக்கு இந்தத் தெளிவு தாராளமாகப் போதும்.

இத்தகைய கருவிகள் சிலருக்குத் தரும் குமட்டலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படும்போது ஒவ்வொரு படத்தையும் வரையக் கருவிக்குக் கிடைப்பது 11 மில்லிநொடிதான்; தலை அசைந்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடையில் தாமதம் கூடினால் வயிறு புரளத் தொடங்கும். ஆனால் எல்லாக் குமட்டலுக்கும் கருவியே காரணமன்று. நான் ஒரு பந்தயச் செயலியில் நாற்காலியில் அமர்ந்தபடி வளைவுகளில் விரைந்தபோது, பத்து நிமிடத்தில் வியர்த்துப்போய்க் கழற்றி வைக்க நேர்ந்தது. மறுநாள் வரை தலைப்பாரம் தீரவில்லை. கண் 'ஓடுகிறோம்' என்கிறது, உட்செவியின் சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது; இந்த முரண்தான் அதற்குக் காரணம். சொந்தக் காலால் நடக்கும் செயலிகளில் இந்தத் தொல்லை எனக்கு வந்ததே இல்லை. புதியவர் அத்தகைய செயலிகளில் தொடங்கி, முதல் வாரம் ஒரு தடவைக்கு இருபது நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நடமாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியிடம் வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிக் கருவியில் குறித்துவைத்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் வண்ணக் கேமராக்கள் நிஜ அறையை உடனே காட்டிவிடும்.

விளையாட்டைத் தாண்டி இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, மருத்துவத்தையே முதலில் சுட்டுவேன். உயரத்துக்கு அஞ்சுபவர்களை மெய்நிகர் மாடங்களிலும் பாலங்களிலும் படிப்படியாக நிறுத்திப் பழக்கும் சிகிச்சையை அமெரிக்க உளவியலாளர் பார்பரா ராத்பாமும் சக ஆய்வாளர்களும் 1995-இலேயே சோதித்தனர். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியின் கவனத்தை ஒரு பனி உலகுக்குள் இழுத்து வலியைக் குறைக்கும் முறை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. விண்வெளி வீரர்களை விண்நடைக்குத் தயார்ப்படுத்த நாசா மெய்நிகர் ஆய்வுக்கூடத்தையே வைத்திருக்கிறது. இவற்றிலெல்லாம் உடம்பு நம்புவதுதான் மருந்தாகவும் பயிற்சியாகவும் ஆகிறது.

குறைகளில் முதன்மையானது எடை. 515 கிராமில் பெரும்பகுதி முகத்தின் முன்னால் இருக்கிறது. உடன் வரும் துணிப்பட்டையோ அதைச் சமன்செய்யும் அளவுக்கு உறுதியானதன்று. பின்பக்கம் தாங்கும் கெட்டியான பட்டையைச் சேர்த்து வாங்குவதே நல்லது. மின்கலம் சராசரியாக இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும்; கண்ணின் நலனை எண்ணினால் அதற்குமேல் வேண்டியதும் இல்லை.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் முகத்தில் பதியும் உள்சட்டத்தை லென்ஸிலிருந்து சற்று விலக்கி இடம் செய்துகொள்ளலாம். பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கின் வழியே 10 வயது முதல் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டு; ஆனால் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கைபேசியிலோ தொலைக்காட்சியிலோ ஒளிபரப்பிப் பார்த்தபடி பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். கழற்றி வைக்கும்போது லென்ஸ்கள் சாளரத்தை நோக்கியிருக்கக் கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதைப் போலவே, அவற்றின் வழியே விழும் வெயில் சற்று நேரத்தில் திரையைச் சுட்டு அழியாத தழும்பை விட்டுவிடும்.