பலகோண மரத்துண்டுப் பெட்டி: ஒரு மதிப்பீடு

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக வாங்கிய இந்தப் பெட்டியில், முக்கோணம் முதல் எண்கோணம் வரையிலான ஒழுங்குப் பலகோணங்கள் (எல்லாப் பக்கங்களும் எல்லாக் கோணங்களும் சமமானவை), ஒரே பக்க அளவுள்ள மரத்துண்டுகளாக உள்ளன. ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு முக்கோணங்களோ நான்கு சதுரங்களோ மூன்று அறுகோணங்களோ இடைவெளியின்றிப் பொருந்தும்போது, 108 பாகை உட்கோணம் கொண்ட ஐங்கோணங்கள் மூன்றை வைத்தால் மட்டும் 36 பாகை இடைவெளி எஞ்சுவதை அவள் தானாகவே கண்டுகொண்டாள். இரண்டு எண்கோணங்களும் ஒரு சதுரமும் சேர்ந்து 360 பாகையை நிறைப்பது அதைவிட அழகு. எழுகோணத்தின் உட்கோணம் 128 பாகை என்று கையேட்டில் அச்சிட்டிருப்பது கவனக்குறைவு: ஏழு உட்கோணங்களின் கூட்டுத்தொகையான 900ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 128.57 கிடைக்கும். ஒரு மூலையாவது உள்நோக்கி மடிந்திருக்கும் குழிவுப் பலகோணம் ஒன்றுகூட இல்லாததால், 180 பாகையைத் தாண்டும் பின்வளைகோணத்தை அட்டையில் அம்புத்தலை வெட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது.