லைவா, வீடியோவா, வாய்ஸ் நோட்டா? ஒரு டியூஷன் வாத்தியாரின் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் இருந்துகொண்டு பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆன்லைன் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் பேச்சிப்பாறை மலைப்பக்கத்தில் தொடங்கி குளச்சல் கடற்கரை வரை சிதறிக் கிடக்கிறார்கள். லைவ் வகுப்பு, பதிவு செய்த வீடியோ, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு எது தோது?

லைவ் வகுப்புதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடம், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூகுள் மீட் 60 நிமிடம். நேரம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை, அதற்கு மேல் இருபடிச் சமன்பாட்டை எந்தப் பிள்ளைதான் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்? சங்கடம் வேறு இடத்தில். பேசுவது எப்போதும் அதே நான்கைந்து பேர், பெரும்பாலும் வீட்டில் வைஃபை உள்ளவர்கள். மற்றவர்களிடம் கேட்டால் "சாரே, ரேஞ்ச் இல்ல". நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. கரண்டு போனால் வைஃபையும் போச்சு.

அப்புறம் கேமரா. ஒரு காலத்தில் "கேமராவை ஆன் பண்ணு மக்களே" என்று கண்டிப்பாகச் சொல்வேன். ஒரு பெண் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் காணாமல் போவாள். அவள் வீடு ஒற்றை அறை என்பதும், அம்மா சமைப்பதும் தம்பி உடை மாற்றுவதும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றோடு அந்தச் சட்டத்தை எடுத்தேன். இப்போது கடைசி வரை இருக்கிறாள்.

வீடியோவில் இந்தத் தொந்தரவு இல்லை. நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். ஆனால் "பார்த்தியா?" என்றால் "பார்த்தேன் சாரே" என்பதோடு முடிந்தது, புரிந்ததா என்று எப்படித் தெரியும்? 2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியிலும் இதே குறைதான். கொரோனா சமயத்தில் ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கும் அது பாடத்தைக் கொண்டுபோனது, அதை மறுக்க மாட்டேன், ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே.

வாய்ஸ் நோட்டை முதலில் இளக்காரமாகத்தான் நினைத்தேன், கணக்கைக் காதில் ஊதுவதா என்று. இப்போது அதுதான் முதுகெலும்பு. போட்டு முடித்த கணக்கை நோட்டோடு போட்டோ எடுத்து, ஒவ்வொரு வரியையும் விளக்கி மூன்று நிமிடம் பேசி அனுப்புவேன். ஒன்றிரண்டு எம்பிதான். முக்கியமான வசதி, அது காத்திருக்கும். ரப்பர் வெட்டுக்குப் போகும் அப்பாவோடு விடியும் முன்னே போனும் கிளம்பிவிடும், மதியம்தான் வீடு வரும். கடற்கரையில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும், வீட்டில் இருப்பது அம்மாவின் ஒரே போன், அதற்கு அண்ணனும் தங்கையும் போட்டி. இவர்களிடம் காலை பத்து மணிக்கு லைவ் என்றால் என்ன நியாயம்? லைவில் மூச்சு விடாத பையன் தனியாக எனக்கு வாய்ஸ் நோட்டில் இரண்டு நிமிடம் சந்தேகம் கேட்கிறான், அதுவும் இரவு பதினோரு மணிக்கு. (தூக்கம் போனதுதான் மிச்சம்.)

குறைகளும் உண்டு. தொடுகோடு வரைவதைச் சொல்லால் விளக்கவே முடியாது, காம்பஸ் எங்கே ஊன்றுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், அதற்கு வீடியோதான். காது சரியாகக் கேட்காத ஒரு பையனுக்கு என் வாய்ஸ் நோட் வெறும் நீலக்கோடு. அவனுக்காக ஒவ்வொரு படியையும் எழுதி அனுப்பத் தொடங்கினேன், கடைசியில் பாதி வகுப்பு அதைத்தான் படிக்கிறது.

ஒரு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுப்பு வைத்தால் யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் மார்க் வாங்கும் பிள்ளை எதைத் தொடுகிறதோ அதையே அத்தனை பேரும் தொடுவார்கள். அதே கேள்வியை கூகுள் ஃபார்மில் கொடுத்தேன், விடை என் கண்ணுக்கு மட்டும் வந்தது, தப்பும் தாராளமாக வந்தது. அந்தத் தப்புகளை வைத்துத்தான் அடுத்த வாய்ஸ் நோட்.

லைவை அடியோடு விடவில்லை. வாரம் ஒரு முறை, இரவு ஏழு மணிக்கு, எட்டெட்டுப் பேராக, கேள்விகளை முந்தின நாளே அனுப்பிவிட்டு. எட்டுப் பேரில் யாரும் ஒளிய முடியாது, யோசித்துவிட்டு வந்திருப்பதால் பயமும் குறைவு. பேச மனமில்லாதவர்கள் சாட்டில் தட்டினாலும் சரி.

பேச்சிப்பாறைக்கும் மேலே இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் இதில் எதுவும் ஒழுங்காக எட்டவில்லை. வாய்ஸ் நோட்கூட ஒரு நாள் கழித்துத்தான் இறங்குகிறது. அவர்களுக்காக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் நோட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன்.