சுகர் பார்டரில் இருக்கிறதா? எந்தச் சோதனை என்ன சொல்லும்

வெறும் வயிற்றில் 104, மூன்று மாதச் சராசரி 5.9. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறி. மாஸ்டர் செக்கப் முடித்து வந்த பலர் கையில் இப்போது இப்படி ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. அன்று ராத்திரியே சாதத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. ‘பார்டர்தானே’ என்று பீரோவில் வைத்து மறந்துவிடுகிறவர்களும் உண்டு. பயப்படுவதற்கும் அலட்சியப்படுத்துவதற்கும் முன்னால், இந்த எண் எந்தச் சோதனையில் வந்தது, அந்தச் சோதனையால் எதைச் சொல்ல முடியும் என்று பார்த்துவிடுவது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023ல் வெளியானபோது, நாட்டில் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. அதனால் இந்தக் கவலை யாருக்கும் தனியாக வந்ததில்லை.

முதலில் வெறும் வயிற்றுச் சோதனை. மலிவு, எங்கும் கிடைக்கும், ஒரே ஊசி. குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் போகக் கூடாது. அரை டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனாலும் அது வெறும் வயிறு இல்லை. ராத்திரி முழுக்கக் கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையை இன்சுலின் எவ்வளவு கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதை இது காட்டும்.

ஆனால் பார்டர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலேயே இங்கே இரண்டு கருத்து. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003ல் அந்தக் கோட்டை 110லிருந்து 100க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110லேயே நின்றுவிட்டது. ஆக, அந்த 104 ஒரு கணக்கில் பார்டர், இன்னொரு கணக்கில் சாதாரணம். 126ஐத் தொட்டால் நீரிழிவு என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எடுத்த ரத்தம் குழாயில் இருக்கும்போதே அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையலாம். இதற்காகத்தான் ஃப்ளோரைடு போட்ட, சாம்பல் நிற மூடிக் குழாய். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுப் பாதுகாப்பு தராது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டு லேபுக்குப் போனால், உங்கள் 112 ரிப்போர்ட்டில் 103 ஆக வரலாம். எண் குறைந்து வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

அடுத்து மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி. பட்டினி வேண்டாம், எந்த நேரத்திலும் கொடுக்கலாம். நேற்றுக் கல்யாண வீட்டில் சாப்பிட்ட ஜிலேபி இதைப் பெரிதாக மாற்றாது. 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5 என்றால் நீரிழிவு. 5.7 என்பது சராசரியாக 117 அளவிலான சர்க்கரைக்குச் சமம், 6.5 என்பது 140க்கு.

இதன் வசதியைப் பார்த்து நிறைய பேர் இதை மட்டும் நம்புகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் விஷயத்தில் நான் அப்படி நம்ப மாட்டேன். இந்தச் சோதனை சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், சர்க்கரை ஏறாமலே இந்த எண் ஏறிக் காட்டலாம். இரும்பு மாத்திரை எடுத்துக்கொண்டதும் இறங்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருந்தாலோ, சமீபத்தில் அதிக ரத்தம் போயிருந்தாலோ நேர் எதிராக, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். ஆகவே 6.0 என்று பார்த்ததும் அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று மேலே ஒரு முறை பாருங்கள். அது 9 என்று இருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது ரத்தசோகையை.

மூன்றாவது, குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் சோதனை. கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு இது பழக்கம். மற்றவர்களுக்கு டாக்டர்கள் அவ்வளவாக எழுதித் தருவதில்லை. என் தங்கைக்கு எழுதித் தந்தபோது கூடப் போயிருந்தேன். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த டம்ளர் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு மடக்கில் நிறுத்திவிட்டாள். “அக்கா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சிடணும், அப்புறம் எங்கயும் நடக்காம இங்கயே உட்காருங்க” என்றாள் லேப் பெண். கெட்டித் தித்திப்பு, குமட்டல் வருகிறது, எழுந்து நடக்கவும் விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி. 140க்குக் கீழே என்றால் சாதாரணம், 140 முதல் 199 வரை பார்டர், 200 தொட்டால் நீரிழிவு. அவளுக்கு வெறும் வயிற்றில் 97, இரண்டு மணி நேரத்தில் 163. வெறும் வயிற்றை மட்டும் பார்த்திருந்தால் ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பியிருப்பார்கள்.

நம் ஆட்களுக்கு இந்த வகை பார்டர் சாதாரணமாக வருவது. காலையில் எண் நன்றாக இருக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு தசைகள் சர்க்கரையை வாங்கிக்கொள்ளத் திணறும், இன்சுலினும் சட்டென்று போதுமான அளவு வராது. பார்டரில் நிற்கும் ஒருவருக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரமும் காசும் உண்டு என்றால், நான் இதைத்தான் சொல்வேன். அரை நாள் போகும், குமட்டும், ஆனால் சந்தேகம் தீரும். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும். பயத்தில் சாதத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் போனால், சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறிக் காட்டலாம்.

பக்கத்து ஓட்டலில் இரண்டு இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்து கொடுக்கிறோமே, அந்தச் ‘சாப்பிட்ட பின்’ ரத்தம் இதற்கு ஈடாகாது. ஒருவர் இரண்டு இட்லி, இன்னொருவர் பூரி மசாலா. எல்லாருக்கும் ஒரே அளவு போகாதபோது 140 என்ற கோட்டை அதன்மேல் போட முடியாது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு அது உதவும்.

வீட்டுக் குளுக்கோமீட்டர் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரத்தின்படி, 100க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் கூடக் குறையக் காட்டலாம். அந்தத் தரத்தில் தேறிய நல்ல மீட்டரே 110 என்று காட்டினால், உண்மையான அளவு 95 ஆகவும் இருக்கலாம், 126 ஆகவும் இருக்கலாம். ஒன்று சாதாரணம், மற்றது நீரிழிவு. பார்டரா இல்லையா என்று தீர்மானிக்க இந்தக் கருவி லாயக்கில்லை. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எண் தாறுமாறாக ஏறும். சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். தினமும் காலையில் குத்திப் பார்த்து, 98 என்றால் நிம்மதி, 107 என்றால் நாள் முழுக்கக் கலக்கம் என்று இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பது மீட்டரின் தள்ளாட்டமாகவே இருக்கலாம்.

புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரும் இப்போது வந்துவிட்டது. இரண்டு வாரம் ராப்பகலாக வரைபடம் போடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை வைத்து ஒருவரைப் பார்டர் என்று சொல்ல ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் இன்னும் இல்லை. எந்தக் குறையும் இல்லாதவருக்கும் சாப்பாட்டுக்குப் பின் சற்று நேரம் 140ஐத் தாண்டும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சர்க்கரை இறங்கிவிட்டதாகப் பொய்யாகக் காட்டும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கவலையை வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சரி, பார்டர் உறுதியாகிவிட்டது. அடுத்த போட்டி நடைக்கும் மாத்திரைக்கும். இதற்குச் சென்னையிலேயே நல்ல பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், குளுக்கோஸ் சோதனையில் பார்டராக வந்த 531 பேர் சேர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. அதாவது நடக்கிறவருக்கு மாத்திரையும் சேர்த்ததில் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. எடை பெரிதாக இறங்காமலே இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி. ‘எடையே குறையலையே, நடந்து என்ன பயன்’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருமன் அதிகமுள்ள அமெரிக்கர்களிடம் 2002ல் வந்த பெரிய ஆய்விலும், பழக்க மாற்றம் 58 சதவீதம், மெட்ஃபார்மின் 31 சதவீதம் என்ற அளவில் ஆபத்தைக் குறைத்தன.

ஆனால் எந்த வகை பார்டர் என்பது இங்கேயும் முக்கியம். சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வு 2016ல் வெளிவந்தது. குளுக்கோஸ் குடித்த பின் எண் ஏறுகிறவர்களுக்குப் பயிற்சித் திட்டமும், தேவைப்பட்டவர்களுக்குச் சேர்த்துத் தந்த மெட்ஃபார்மினும் 30 சதவீதத்துக்கு மேல் ஆபத்தைக் குறைத்தன. வெறும் வயிற்றில் மட்டும் ஏறியவர்களுக்கு 12 சதவீதம்தான். அந்த இரண்டு மணி நேரச் சோதனைக்காக நான் இவ்வளவு வாதாடுவது இதனால்தான்.

மாத்திரை யாருக்கு? எடை மிக அதிகம் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்கள், நடந்தும் எண் ஏறிக்கொண்டே போகிறவர்கள் டாக்டரிடம் பேசலாம். பல ஆண்டுகள் எடுத்தால் பி12 சத்து குறையலாம், அதை அவ்வப்போது பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் பருப்பும் சுண்டலும், சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிட நடை, தினமும் அரை மணி நேர வேக நடை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ போட்டுக்கொண்டால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாக ரத்தத்தில் ஏறும்.

பார்டர் என்று வந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, முடிந்தவரை அதே லேபில், அதே சோதனையைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை நீரிழிவு அளவைத் தொட்டாலும், உடம்பில் வேறு அறிகுறி இல்லை என்றால் இன்னொரு சோதனையிலும் அது உறுதியாக வேண்டும். ஆனால் தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், காரணமில்லாமல் எடையும் இறங்கினால் வருடாந்திரச் சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.