நிராமயா காப்பீடு: 500 ரூபாய்க்கு என்ன கிடைக்கும், எங்கே இடிக்கும்

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. இந்த நான்கில் ஏதாவது ஒன்று பிள்ளைக்கு இருந்தால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம். வருடத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை. சேர 500, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250. புதுப்பிக்க முறையே 250, 50. வயது வரம்பும் இல்லை, சேருமுன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை.

மற்ற பாலிசிகளில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். இங்கே பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி), பிசியோதெரபி பில்லுக்கும், வெளிநோயாளி மருந்துக்கும், போக்குவரத்துக்கும்கூட கொஞ்சம் வரும். இந்த ஒன்றுக்காகவே எடுக்கலாம்.

ஆனால் 1 லட்சத்தை அப்படியே தெரபிக்குக் கேட்க முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனி உச்சவரம்பு. பெரும்பங்கு அறுவை சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும்தான். ஒரு அமர்வுக்கு 500 ரூபாய், வாரம் மூன்று அமர்வு என்றால் வருடத்துக்கு 78,000 ஆகிறது. அதில் பாதிகூடத் திரும்பாது. கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் கிளெய்ம் கேட்க வேண்டும் என்பதால், மாதக் கடைசியில் திண்டாடும் வீட்டுக்கு இது உடனடி உதவி இல்லை.

கிளெய்ம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தெரபி பில்லில். "ஜூன் மாதக் கட்டணம் 6,000" என்று ஒற்றை வரியில் எழுதிய ரசீது போதாது. பிள்ளையின் பெயர், எந்தெந்தத் தேதி, எந்தத் தெரபி, அமர்வுக்கு எவ்வளவு, தெரபிஸ்டின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் எல்லாம் வேண்டும். கூடவே அந்தத் தெரபி தேவை என்று டாக்டர் எழுதிய சீட்டு. அது பில்லின் முதல் தேதிக்கு முந்தையதாக இருக்கட்டும். 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். மூன்று மாதத்து பில்லைச் சேர்த்துவைத்து அனுப்பினால் பழையவை அடிபடும். மருந்துக்கடை வழவழ ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோடு இணைத்துவிடுங்கள். யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரெழுத்து ஒத்துப்போகிறதா என்பதைச் சேரும் முன்பே பாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது நம் ஊரில் தீராத தொல்லை.

பாலிசி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிப்ரவரியில் சேர்ந்தாலும் மார்ச்சோடு முடிந்துவிடும், ஆகவே ஏப்ரலிலேயே சேருவது லாபம். விண்ணப்பத்தை நேஷனல் டிரஸ்டில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாகப் போடலாம். புதுப்பிக்கும் தேதியை அவர்கள் நினைவூட்டுவார்கள் என்று இருந்துவிட வேண்டாம்.

பெரிய குறை ஒன்று உண்டு. கற்றல் குறைபாடோ மனநோயோ மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரண்டையும் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. நிராமயா இன்னும் 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் நான்கோடு நிற்கிறது. அந்தக் குடும்பங்கள் இதற்கு விண்ணப்பித்து அலைய வேண்டாம்.