லாமினைட்டிஸுக்குப் பிறகு நான்கு ஆண்டுகள்: சிகிச்சை லாடமும் ஐந்து வாரக் கணக்கும்

பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள எங்கள் தென்னந்தோப்பில் மார்வாரி இனத்தைச் சேர்ந்த பெட்டைக் குதிரை ஒன்றை வளர்த்து வருகிறோம். நிறத்தை வைத்துச் செவலை என்றே பெயர். 2017-ஆம் ஆண்டு ஆடியில், அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தையில் வாங்கினோம். 2021 தை மாதத்தில் அதன் முன்னங்குளம்புகள் இரண்டிலும் லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி வந்தது. பதினான்கு மாதம் சிகிச்சை லாடம் அணிந்திருந்தது. அதன் பிறகு இன்றுவரை லாடமின்றி, ஐந்து வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவி வருகிறோம். இந்த நோய் வந்த குதிரையை வைத்துக்கொண்டு, நல்ல லாடம் ஒன்றை அடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நோய்க்கு முந்தைய காலத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். லாடம் தேய்ந்தால் லாடக்காரரை அழைப்பது என்பதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. தார்ச்சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு லாடம் விரைவில் தேயும். தோப்பின் மென்மண்ணில் நடக்கும் குதிரைக்கு அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இரும்பு தேயாவிட்டாலும் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது, லாடம் அடித்த குளம்புக்குத் தரையில் உரசித் தேயவும் வழியில்லை. ஆகவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வரும்போது, குளம்பின் முனை நீண்டும் குதிகால் தாழ்ந்தும் இருக்கும். வந்தவர் தம் பையில் இருக்கும் லாடத்தை அடித்துவிட்டு, அதற்கு வெளியே நீண்டிருக்கும் குளம்புச் சுவரை அரத்தால் தேய்த்து லாடத்தின் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். குளம்பின் வடிவத்துக்கு ஏற்ப லாடத்தைத்தான் வளைக்க வேண்டும் என்பதும், சுவரை வெளியில் இருந்து தேய்க்கத் தேய்க்க அது மெலிந்து வலுவிழக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. லாடத்தின் தேய்மானத்தைக் கணக்கு வைத்திருந்தேன். குளம்பின் வளர்ச்சியைக் கணக்கு வைக்கவில்லை.

அந்தத் தை மாதத்தில் ஒருநாள் காலையில் களஞ்சிய அறையின் கதவு திறந்து கிடந்தது. காயவைத்து அள்ளி வைத்திருந்த மக்காச்சோளத்தில் ஒரு பெரும்பகுதியைக் குதிரை இரவோடு இரவாகத் தின்றுவிட்டிருந்தது. வயிற்று வலி வருமோ என்றுதான் நாங்கள் பகல் முழுவதும் பயந்தோம். அது வராததால் தப்பித்தோம் என்று நினைத்தோம். சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, அங்கே அமிலம் கூடி, குடற்சுவர் சிதைந்து நச்சுப்பொருள்கள் இரத்தத்தில் கலக்க நேரம் ஆகும் என்பதையும், பாதிப்பு காலில் தெரிய ஒன்றிரண்டு நாளாகும் என்பதையும் பின்னரே மருத்துவர் விளக்கினார்.

மூன்றாம் நாள் விடியலில் செவலை நின்ற நிலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, முழு எடையையும் பின்னங்கால்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓர் அடி எடுத்து வைக்கவும் மறுத்தது. குளம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் அடுப்பை ஒட்டிய சுவரைப் போலச் சுட்டது. கணுக்காலின் பின்புறத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தபோது, வழக்கமாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய நாடி, விரலை எத்தித் தள்ளும் அளவுக்குத் துடித்தது. குதிரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் நல்ல நாளிலேயே இந்த நாடியைத் தொட்டுப் பழகிவைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இயல்பான துடிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அது மாறும்போது உங்களுக்குத் தெரியும்.

குளம்பின் சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் ஒன்றோடொன்று கோத்த மெல்லிய தகடுகளால் பிணைக்கப்பட்டுள்ளன. குதிரையின் எடை அந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. அழற்சியால் பிணைப்பு தளரும்போது, பின்னிருந்து எலும்பை இழுக்கும் தசைநாண் ஒருபக்கமும் மேலிருந்து அழுத்தும் எடை மறுபக்கமுமாக, எலும்பின் முனை கீழ்நோக்கித் திரும்பி உள்ளங்குளம்பை அழுத்துகிறது. 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட், 1989 அக்டோபரில் இந்த நோயால்தான் கருணைக்கொலை செய்யப்பட்டது. அத்தனை வசதியும் சூழ இருந்த குதிரைக்கே அப்படி என்றால் எங்கள் தோப்பில் நிற்கும் செவலைக்கு என்ன வழி என்று அந்த இரவுகளில் மிகவும் கலங்கினேன்.

மருத்துவர் சொன்னபடி பொள்ளாச்சி மீன் மார்க்கெட்டில் இருந்து ஐஸ் கட்டிகளை வாங்கி வந்து, இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, இரண்டு நாள் இரவும் பகலும் முன்னங்கால்களை அதில் நிறுத்திவைத்தோம். நானும் என் மகனும் முறை வைத்து விழித்திருந்தோம். குளிர்விப்பது வலி தொடங்கும் முன்பே செய்தால்தான் முழுப் பயன் தரும் என்றார் மருத்துவர். மக்காச்சோளம் குறைந்திருப்பதைப் பார்த்த அன்று காலையிலேயே நாங்கள் ஐஸ் வாங்கப் போயிருக்க வேண்டும். வலிநிவாரணியை மருத்துவர் அளவோடுதான் கொடுத்தார். வலி முற்றிலும் மறைந்தால் குதிரை தாராளமாக நடக்கத் தொடங்கும், தளர்ந்திருக்கும் பிணைப்பு மேலும் கிழியும் என்பது ஒரு காரணம். நாள்பட்டால் இரைப்பையில் புண் வரும் என்பது இன்னொன்று.

லாடத்துக்கு முதலில் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு லாடம் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். மாட்டின் பிளவுபட்ட குளம்புக்குக் காலுக்கு இரண்டு தகடு என எட்டுத் தகடுகள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிப்பார்கள். அவர் வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல நான் கை வைக்கக் கூடாதுங்க. குதிரைக்குன்னு படிச்சவங்களக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நீட்டிய பணத்தையும் வாங்காமல் போனார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன். பிறகு மருத்துவர் வழியாக, ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் படைப்பிரிவில் லாடக்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தார்.

அவர் எடுத்த எடுப்பில் லாடத்தைத் தொடவில்லை. எக்ஸ்ரே கேட்டார். உள்ளங்குளம்பின் நடுவே முக்கோணமாக இருக்கும் மென்பகுதியை ஃப்ராக் என்பார்கள். அதன் நுனியில் காகிதத்துக்குக் குத்தும் சிறு குண்டூசி ஒன்றைப் பதித்துப் படம் எடுக்கச் சொன்னார். உள்ளே எலும்பின் முனை எங்கே இருக்கிறது என்பதை வெளியே தெரியும் ஓர் அடையாளத்தோடு பொருத்திப் பார்க்க அதுதான் வழி. படத்தில் வலது குளம்பெலும்பு 8 பாகை திரும்பியிருந்தது. எலும்பின் முனைக்குக் கீழே உள்ளங்குளம்பின் கனம் 9 மில்லிமீட்டர்தான் இருந்தது. 15 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

அவர் அடித்தது ஹார்ட் பார் லாடம். சாதாரண லாடத்தின் திறந்த பின்பகுதியை மூடி, நடுவே ஃப்ராக்கின் மேல் படியும் நாக்குப் போன்ற தகடு ஒன்றைச் சேர்த்தால் அதுதான் ஹார்ட் பார். நோயுற்ற சுவரின் மேல் விழும் எடையில் ஒரு பங்கை அந்தத் தகடு ஃப்ராக்குக்கு மாற்றுகிறது. முனைப்பகுதியை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். நடக்கும்போது குளம்பு கடைசியாக மண்ணைவிட்டுப் பிரியும் இடம் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தகடுகளைப் பிய்க்கும் நெம்புகோல் விசை குறையும். முனையில் ஆணியே அடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது, ஆணி அடிக்கும் முன் அவர் செய்த சோதனை: லாடத்தைக் குளம்பில் பொருத்தி, இரு கட்டைவிரலாலும் அந்த நாக்கை அழுத்திக்கொண்டு, குதிரையின் காதையும் தோள்தசையையும் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் இருந்தார். காது பின்னால் மடங்கியது. லாடத்தைக் கழற்றி, நாக்கைப் பட்டறைக்கல்லில் வைத்து இம்மியளவு தட்டித் தாழ்த்தி, மறுபடி பொருத்திப் பார்த்தார். மூன்றாம் முறைதான் ஆணியை எடுத்தார். அழுத்தம் மிகுந்தால் இந்த லாடமே ஃப்ராக்கை நசுக்கிப் புண்ணாக்கிவிடும். போதாவிட்டால் தாங்கலே இருக்காது. ஆகவே ஹார்ட் பார் லாடத்தைக் கடையில் வாங்கிவந்து யாரிடமாவது கொடுத்து அடித்துக்கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

நான்கைந்து நாளில் செவலை பின்னால் சாய்வதை விட்டு நேராக நின்றது. லாடம் நோயைத் தீர்த்துவிட்டது என்று நான் நம்பியது அப்போதுதான். மே மாதம் அந்த நம்பிக்கை உடைந்தது. 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு; கோவை மாவட்டத்தில் ஜூனிலும் தளர்வுகள் குறைவாகவே இருந்தன. ஐந்தாம் வாரம் வர வேண்டியவர் ஒன்பதாம் வாரம்தான் வர முடிந்தது. அதே லாடம், அதே ஆணிகள். ஆனால் குளம்பு வளர்ந்து லாடத்தை முன்னுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. ஃப்ராக்கின் மேல் படிய வேண்டிய நாக்கு வேறிடத்தை அழுத்தியது, பின்னுக்கு வைத்த முனை பழையபடி முன்னால் வந்துவிட்டது. குதிரை மறுபடி தயங்கித் தயங்கி நடந்தது. நாங்கள் இழந்தது அந்த நான்கு வாரம் மட்டுமன்று. ஏறக்குறைய மூன்று மாத முன்னேற்றம் போயிற்று. சிகிச்சை லாடத்தின் ஆயுள் ஐந்து வாரம், அதிகம் போனால் ஆறு வாரம். அதற்கு மேல் காலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இப்போது லாடக்காரர் ஒருமுறை வந்துவிட்டுக் கிளம்பும் முன்பே அடுத்த தேதியை வாங்கிவிடுகிறேன்.

ஆடியில் இடது குளம்பில் சீழ்க் கட்டி, காலைத் தரையில் ஊன்றவே மறுத்தது. இந்த நோய்க்குப் பிறகு இது அடிக்கடி வருவதுதான். வெதுவெதுப்பான எப்சம் உப்பு நீரில் ஊறவைக்க, நான்காம் நாள் குளம்பும் தோலும் சேரும் மேல்விளிம்பில் உடைந்து வடிந்தது.

படுக்கைக்குத் தென்னை நார்க்கழிவைப் போட்டதைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எளிதில் கிடைக்கும். கோடையில் ஓரடி ஆழத்துக்குக் கொட்டியபோது குளம்பு அதில் மெத்தென்று புதைந்து அடிப்பகுதி முழுவதும் தாங்கல் கிடைத்தது. குதிரை விரும்பிப் படுத்தது. ஐப்பசி மழையில் அதே கழிவு நீரை உறிஞ்சிக்கொண்டு விடவே இல்லை. ஹார்ட் பார் லாடத்தின் தகட்டுக்கு அடியில் காற்றும் புகாது, குளம்புக் கொக்கியும் நுழையாது. இரண்டு வாரத்தில் ஃப்ராக்கின் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத அழுகல் நாற்றம் வந்தது. லாடத்தைக் கழற்றி, அழுகியதைச் சீவி, பொவிடோன் அயோடினால் நாள்தோறும் கழுவித் துடைத்து, படுக்கையையும் மணலுக்கு மாற்றிய பிறகே அடங்கியது. மழைக்காலத்துக்கு மணல்தான் சரி.

குளம்புச் சுவரில் அந்தத் தை மாதம் ஒரு வளையமாகப் பதிந்திருந்தது. முனையில் நெருக்கமாகவும் குதிகாலை நோக்கி அகன்றும் சென்ற அந்த வளையம் மாதாமாதம் கீழிறங்குவதைத் தையல் டேப்பால் அளந்து எழுதி வந்தேன். அதற்கு மேலே வளர்ந்த புதுச்சுவர் எலும்போடு இறுக ஒட்டி, நேர்கோணத்தில் இறங்கியது. முனைச்சுவர் மேலிருந்து தரை வரை முழுதாக வளர ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். இத்தனை பாடும் அந்தப் புதுச்சுவர் வந்து சேரும் வரை எலும்பை இடம் பிசகாமல் வைத்திருப்பதற்குத்தான். 2022 மார்ச்சில் எடுத்த படத்தில் திருப்பம் 3 பாகையாகக் குறைந்து, உள்ளங்குளம்பு 16 மில்லிமீட்டர் கனத்திருந்தது. லாடத்தைக் கழற்றிவிட்டோம். முதல் ஆறு வாரம் சரளைக்கல்லில் கூசிக் கூசி நடந்தது; சாலையைக் கடக்க வேண்டிய நாட்களில் மட்டும் கட்டிக் கழற்றும் ரப்பர் பூட்ஸ் போட்டோம். இப்போது அதற்கும் தேவை குறைந்துவிட்டது.

தீவனத்தை மாற்றாமல் இவற்றில் எதைச் செய்திருந்தாலும் வீணாகியிருக்கும். தானியம், வெல்லம், ஊறவைத்த கொள்ளு அனைத்தையும் நிறுத்தினோம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) இருந்து வரும் உலர்ந்த கொழுக்கட்டைப் புல்லை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, சர்க்கரை கரைந்த அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கிறோம். குதிரைமசால் சிறிதளவு, தாது உப்புக் கலவை, நாளுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்னும் வைட்டமின். பயோட்டின் தனியாக எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிடரியில் திரண்டிருந்த கொழுப்பு மேடு ஒரு வருடத்தில் கரைந்தது என்பதும், அதற்குப் பிறகு குளம்பில் சூடு திரும்பவில்லை என்பதும் உண்மை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை லாடத்துக்குச் சாதாரண லாடத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. எக்ஸ்ரேயும் மருத்துவரின் பயணமும் தனி. இப்போது ஐந்து வாரத்துக்கு ஒரு முறை சீவுவதற்கு ஆகும் செலவை ஒரு வருடத்துக்குக் கூட்டினாலும், 2021-இன் முதல் மூன்று மாதச் செலவில் பாதிகூட வராது.

சென்ற வாரம் சீவியபோது, சுவரையும் உள்ளங்குளம்பையும் பிரிக்கும் வெள்ளைக் கோட்டை அளந்தோம். நோய் வந்த வருடம் சுண்டுவிரல் அகலத்துக்கு விரிந்து, பொடிப்பொடியாக உதிர்ந்த கோடு அது. இப்போது மூன்று மில்லிமீட்டருக்குள் இறுகியிருக்கிறது. வலது குளம்பின் வெளிப்பக்கத்தில் மட்டும், விரல்நுனி அளவு இடத்தில், இன்னும் சற்று அகலமாக இருக்கிறது. மழைக்காலம் நெருங்குவதால் அந்த இடத்தில் மண் புகுந்துவிடக் கூடாது என்று, அடுத்த முறை நான்காம் வாரமே வருவதாக லாடக்காரர் சொல்லியிருக்கிறார்.