பிளாஸ்திரி பிரிக்கும் மருந்துகள்: அப்பாவின் தோலில் நாலு வருஷம்

அப்பாவுக்கு வயிற்றில் ஸ்டோமா வைத்து நாலு வருஷம் ஆகிறது. பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, மலம் வெளியேற இடப்பக்கம் ஒரு வழி செய்து, அதன்மேல் பையை ஒட்டி அனுப்பினார்கள். மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை அந்தப் பையை மாற்றுவது என் வேலை. ஒட்டுவது எப்படி என்று நிறைய பேர் சொல்லித் தந்தார்கள். பிரிப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. தோல் கெடுவது பிரிக்கும்போதுதான்.

முதல் மாதமே அதைப் பார்த்துவிட்டேன். தையல் பிரிக்கப் போன இடத்தில், வயிற்றில் இருந்த பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் மேலே தூக்கினார்கள். "பைய (மெதுவா) எடுங்க, நோவுது" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் மேல்தோலும் கூடவே வந்துவிட்டது. உரிந்த இடம் இளஞ்சிவப்பாக, நீர் கசிந்துகொண்டு இருந்தது. ஈரத் தோலில் பை ஒட்டாது. ஒட்டாத பை கசியும். கசிந்த மலம் பட்டு அந்தப் புண் இன்னும் பெரிதாகும். அது ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

வயதானவர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மேல்தோலும் அதற்கு அடியில் உள்ள தோலும் அலை அலையான மேடுபள்ளங்களால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இருக்கின்றன. வயதாக ஆக அந்த மேடுகள் தட்டையாகிவிடும், பிடிமானம் குறையும். பிளாஸ்திரியின் பசை தோலைப் பிடித்திருக்கும் வலு, இரண்டு தோல்களும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் வலுவைவிடக் கூடிப்போகிறது. பிரித்து அரை மணி நேரம் கழிந்தும் சிவப்பு போகவில்லை என்றால் அதைத் தோல் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இன்றும் கடிகாரம் பார்த்துக் கவனிப்பது அதைத்தான்.

முதலில் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் அது இல்லாத வீடு ஏது? யோசனை சொன்னது அப்பாதான். குலசேகரம் பக்கம் நாற்பது வருஷம் ரப்பர் வெட்டியவர். ரப்பர் பால் கை மயிரோடு காய்ந்துபோனால் எண்ணெய் தேய்த்துத்தான் எடுப்பாராம். அவர் சொன்னது சரிதான். பழைய வெள்ளைத் துணிப் பிளாஸ்திரியின் பசையில் ரப்பர் சேர்ந்திருக்கும். ஓரத்தில் எண்ணெயை விட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால் இளகி வந்துவிடும். பிளாஸ்திரி இருந்த இடத்தைச் சுற்றித் தங்கும் கறுப்புப் பசைக் கோட்டையும் எண்ணெயே எடுத்துவிடும். எரிச்சல் கிடையாது, செலவும் கிடையாது.

ஆனால் அதே இடத்தில் திரும்ப ஒன்றை ஒட்ட வேண்டும் என்றால் எண்ணெய் ஆகாது. ஒருமுறை எண்ணெய் போட்டு எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் புதுப் பையை ஒட்டினேன். திருவட்டாறில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பை ஓரத்தில் விட்டுவிட்டது. அப்பா இலையை மூடிவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினால் எண்ணெய் போகும். ஆனால் நலிந்த தோலை அப்படித் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பிரிட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோலை வறள வைக்கும், உரிந்த இடத்தில் பட்டால் தீயாய் எரியும். மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்று பக்கத்து வீடுகளில் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து, துடைக்கும் ஈரத்தாள். ஸ்மித் அண்ட் நெஃப்யூவின் 'ரிமூவ்' வாங்கினேன். ஒவ்வொரு தாளும் தனி உறையில் வருவதால் வெளியூர் போகும்போது பையில் வைத்துக்கொள்ள வசதி. தோலில் தங்கிப்போன பசையை எடுக்க இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. இதில் உள்ளது பெட்ரோலிய வகைக் கரைப்பான். அதனால் துடைத்த பிறகு சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியே ஆக வேண்டும். டிரிப் ஏற்றிய கையில் ஒட்டிய பிளாஸ்திரிக்கு இது போதும். கழுவிக் காய வைத்து உடனே பை ஒட்ட வேண்டிய வயிற்றுக்குக் கொஞ்சம் சுற்றுவழி.

கடைசியில் வந்து நின்றது சிலிகான் ஸ்பிரேயில். கோலோபிளாஸ்டின் 'பிராவா', கான்வாடெக்கின் 'எசெண்டா' இரண்டையும் மாற்றி மாற்றி உபயோகித்தேன். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேல் ஓரத்தில் ஒரு மூலையை நகத்தால் லேசாகக் கிளப்பி, அந்த இடுக்கில் ஒரு அடி. சில்லென்று இருப்பதால் அப்பா முதல் தடவை வயிற்றை உள்ளே இழுத்தார். அப்புறம் எண்ணெய் தடவிய கல்லில் இருந்து தோசை கிளம்புவதுபோல பையைத் தோலோடு ஒட்டிப் பிடித்திருக்கும் அந்தத் தட்டு தானே கிளம்பி வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு அடி. முழுவதும் கையில் வந்த பிறகும் அவர் "எடுத்தாச்சா மக்களே?" என்று கேட்டார். சிலிகான் சில வினாடிகளில் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய்ப் பிசுக்கு விடாது. தண்ணீரால் துடைத்துக் காய வைத்துப் புதுப் பையை ஒட்டிவிடலாம். சனிக்கிழமை ராத்திரி மாற்றினால் ஞாயிறு ஆராதனைக்கு நிம்மதியாகப் போய் வருகிறார். எங்கள் ஊரில் மழையும் வியர்வையும் வருஷத்தில் பாதி நாள் இருக்கும். அதிலும் பை நிற்கிறது.

குறை விலைதான். ஒரு கேனின் காசுக்கு வீட்டில் பத்து நாள் மீன் வாங்கலாம். 50 மில்லி கேன் எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. முழுத் தட்டையும் நனைக்காமல், கிளம்புகிற விளிம்பில் மட்டும் அடிப்பதால் அப்படி. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். அதனால் கேன் பாதியாகும்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த மருந்தானாலும் கை சரியாக இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை. மேல்நோக்கித் தூக்கவே கூடாது. பிளாஸ்திரியைத் தன்மேலேயே மடித்து, தோலோடு தோலாக, மயிர் படிந்திருக்கும் திசையில் கொண்டுபோக வேண்டும். இன்னொரு கையின் விரல்கள் கூடவே நகர்ந்து, விடுபட்ட தோலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பேப்பர் பிளாஸ்திரி மென்மையானது என்று நினைப்போம். அதன் அக்ரிலிக் பசை நாள் போகப் போகத் தோலின் நுண்ணிய பள்ளங்களில் இறங்கிக் கெட்டியாகப் பிடிக்கும். மூன்றாம் நாள் அதையும் பைய எடுக்க வேண்டும்.

யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எடுத்த இடத்தில் அடுத்து என்ன ஒட்டப் போகிறீர்கள்? ஒன்றும் இல்லை, காயமும் இல்லை என்றால் தேங்காய் எண்ணெயே போதும். பசை மட்டும் தங்கியிருக்கிறது என்றால் ஈரத்தாள். உடனே ஒட்ட வேண்டும் என்றால் காசைப் பார்க்காமல் சிலிகான். பச்சிளம் குழந்தைக்கு என்றால் டாக்டரிடம் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

இன்னொன்று. இந்த ஸ்பிரே சட்டென்று தீப்பிடிக்கக் கூடியது. போன மழையில் கரண்ட் போன ராத்திரி, மெழுகுவர்த்தியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேனைக் கையில் எடுத்துவிட்டேன். கேனில் இருந்த தீப்படம் கண்ணில் பட்டதும் கை நடுங்கிவிட்டது. மெழுகுவர்த்தியை அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன், அப்பா டார்ச்சைப் பிடித்தார். இப்போது கேன் இருக்கும் டப்பாவிலேயே அந்த டார்ச்சும் இருக்கிறது.