இரும்பு விளிம்பு இல்லாத பனிச் சவள்: இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு

கனடாவின் ஸ்காபுறோவில் எங்கள் வீட்டு டிரைவேக்கு, அதாவது கார் நிறுத்தும் தார்ப் பாதைக்கு, ஓர் ஆகஸ்டில் சீலர் என்னும் கரும்பூச்சைப் பூசுவித்தோம். அதற்கு முன்பே வெடிப்புகளைக் கழுவி, காயவிட்டு, ஒவ்வொன்றாக நானே அடைத்திருந்தேன். அடுத்த மார்ச்சில் பனி உருகியபோது வயிறு எரிந்தது. கரும்பூச்சின் குறுக்கே நீள நீளமாகச் சாம்பல் நிறக் கீறல்கள். பழைய சவளின் விளிம்பில் அறைந்திருந்த இரும்புப் பட்டை செய்த வேலை அது.

மீண்டும் பூசியபின், விளிம்புவரை முழுவதும் பிளாஸ்டிக்கான சவள் ஒன்றை 38 டொலருக்கு வாங்கினேன். அகலம் 60 சென்டிமீட்டர். கடையில் பிளாஸ்டிக் என்று அடுக்கியிருப்பவற்றிலும் பாதிக்கு அடியில் உலோகப் பட்டை உண்டு. கட்டாயம் திருப்பிப் பாருங்கள்.

புதிதாக விழுந்த பனியை இது அருமையாகத் தள்ளுகிறது. ஆனால் கார் ஏறி இறுகிய பனியை இதனால் பெயர்க்க முடியாது. அதனால் காலையில் காரை எடுப்பதற்கு முன்பே வழித்துவிடுகிறேன். நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் கட்டிமேட்டில் விளிம்பு வளைந்து திரும்புகிறது. அந்த மேட்டின் மேற்பாதிக்கு மட்டும் பழைய இரும்புச் சவளை எடுக்கிறேன். தார் வரை அதை இறக்குவதில்லை.

வழித்த பிறகும் மெல்லிய பனிப்படலம் எஞ்சும். அதற்காக உப்பைக் கொட்டாதீர்கள். உப்பு தாரைத் தின்பதில்லை. ஆனால் அது உருக்கிய நீர்தான் வெடிப்புக்குள் இறங்கி, மறுபடி உறைந்து, ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து அதைப் பிளக்கிறது. மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பனியை உருக்குவதும் அரிது. நான் மணல் தூவுகிறேன். கால் வழுக்குவதில்லை, வசந்தத்தில் கூட்டி அள்ளிவிடலாம்.

குறை என்றால், கடுங்குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்குகிறது. ஓர் இரவு வெளியே விட்டிருந்தேன். மறுநாள் படிக்கட்டில் தட்டியதும் ஒரு மூலை உடைந்தது. இப்போது கராஜுக்குள்ளேயே வைக்கிறேன். இரண்டு குளிர்காலத்தில் விளிம்பு ஒரு விரல் அகலம் தேய்ந்திருக்கிறது. தேயட்டும், பூச்சு தேயாமல் இருந்தால் போதும். இந்த ஏப்ரலில் பார்த்தேன்: கார் திரும்பும் இடம் மட்டும் சற்று வெளிறியிருக்கிறது, மற்றபடி கீறலே இல்லை.

60 சென்டிமீட்டர் அகலத்தில் ஈரப்பனி நிறைந்தால் என் அம்மாவால் தள்ள முடியவில்லை. அவருக்கு இதே வகையில் 45 சென்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.